சர்க்கரையும் பாதரசமும்



இன்று நான் எந்த அமைச்சரைப் பற்றியும் பேச வரவில்லை. எந்தத் தேர்தலைப் பற்றியும் பேச வரவில்லை. ஒரு பாடகனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவன் நம் மொழியில் பாடியவனல்லன். மின்கிதார் முழங்க, முரசு அதிர, மேடையே தீப்பிடித்தது போல் எரியும் ராக் இசை அவனுடைய துறை. இங்கிலாந்து அவனைத் தன் பெருமை என்று சொல்லிக் கொள்கிறது. ஆனால் அவன் இங்கிலாந்தில் பிறந்தவனல்லன். அவன் தந்தையும் தாயும் ஆங்கிலேயரல்லர். அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயரை அவன் பாட்டுக்குக் கைதட்டியவர்களில் பெரும்பாலோர் அறிந்ததுமில்லை.

பாட்டுக்காரனுக்கும் அரசியல் மேடைக்கும் என்ன உறவு என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். உறவு உண்டு. குடியேறியவன் என்ற ஒரே ஒரு சொல்லை முன்னே நிறுத்தி உலகின் பல நாடுகளில் தேர்தல் நடக்கும் காலம் இது. அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு மனிதன் இருக்கிறான். அவனை நாம் பார்க்க வேண்டாமா? பார்த்தால்தானே நியாயம் எது என்று பேச முடியும்?

கிண்ணத்துப் பால்

ஒரு பழங்கதையிலிருந்து தொடங்குகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் பாரசீகத்தில் ஆட்சி மாறிற்று, சமயமும் மாறிற்று. ஜரதுஷ்டிரர் வழிநின்று தீயைப் போற்றி வந்த மக்களில் ஒரு பகுதியினர் தாயகம் துறந்து கடலேறினர். குஜராத்தின் கரையிலே, சஞ்சான் என்னும் ஊரிலே வந்து இறங்கினர். அவர்களைத்தான் நாம் பார்சிகள் என்கிறோம்.

அவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வந்து நின்றவர்களுக்கு அந்நாட்டு அரசன் ஒரு கிண்ணம் பாலை அனுப்பினானாம். விளிம்புவரை நிறைந்த பால். இனி ஒரு துளிக்கும் இடமில்லை என்பது அதன் பொருள். வந்தவர்களின் குருவோ அந்தப் பாலிலே சிறிது சர்க்கரையைத் தூவித் திருப்பி அனுப்பினார். பால் வழியவில்லை, இனித்தது. அரசன் மகிழ்ந்தான், இடம் கொடுத்தான்.

அழகான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் நாடகம் எழுதிப் பழகியவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கதையைக் கேட்டதும், அதிலே வராத பாத்திரத்தை அவன் தேடத் தொடங்கிவிடுவான். சர்க்கரை கொண்டுவராதவன் கதி என்ன? பசியையும் கண்ணீரையும் மட்டுமே மூட்டையாகக் கட்டி வந்தவனைக் கடலுக்கே திருப்பி அனுப்புவதா? இது முதல் கேள்வி. பாலிலே கரைந்த பிறகு சர்க்கரை எங்கே போயிற்று? இனிப்பை எல்லோரும் சுவைக்கிறார்கள், சர்க்கரையை யாரும் பார்ப்பதில்லையே? இது இரண்டாம் கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் நெஞ்சில் நிறுத்திக் கொண்டு என்னோடு வாருங்கள்.

கிராம்புத் தீவின் சிறுவன்

சஞ்சானில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்களில் பலர், பின்னாளில் மீண்டும் கடலேறினர். பிரிட்டிஷ் கொடி பறந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வணிகராகவும் எழுத்தராகவும் கணக்கராகவும் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் பொமி புல்சாரா. புல்சார் என்பது குஜராத்தில் ஓர் ஊர். இன்று அதன் பெயர் வல்சாடு. அந்த ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. ஆப்பிரிக்காவின் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் மிதக்கும் சான்சிபார் தீவிலே, பிரிட்டிஷ் ஆட்சியின் அலுவலகத்தில் அவர் காசாளர். அவருக்கும் ஜெர் அம்மையாருக்கும் 1946 செப்டம்பர் 5ஆம் நாள் ஒரு மகன் பிறந்தான். பரூக் என்று பெயரிட்டார்கள். நற்பேறு பெற்றவன் என்பது அந்தப் பாரசீகச் சொல்லின் பொருள்.

சான்சிபார் கிராம்பு மணக்கும் தீவு. மணம் எல்லோருடைய மூக்குக்கும் எட்டியது. பயன் எல்லோருடைய வயிற்றுக்கும் எட்டவில்லை. தோட்டமும் நிலமும் பெரும்பாலும் அரபு உடைமையாளரிடம் இருந்தன. கடையும் கடன் கொடுக்கும் பெட்டியும் பெரும்பாலும் இந்திய வணிகரிடம் இருந்தன. வெயிலிலே கிராம்பு பறிக்கும் உழைப்பு ஆப்பிரிக்க மக்களுக்கு விடப்பட்டது. எல்லோருக்கும் மேலே, சுல்தானை முன்னே உட்கார வைத்து, பின்னே நின்று ஆண்டது பிரிட்டன். இந்த அடுக்கை மறந்துவிடாதீர்கள். பின்னே நடந்ததற்கு இதுதான் வேர்.

எட்டு வயதில் பரூக்கைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பம்பாய்க்குத் தென்கிழக்கே மலைமேல் உள்ள பஞ்ச்கனியில் புனித பீட்டர் பள்ளி. ஆங்கில முறை விடுதிப் பள்ளி. அங்கேதான் அவன் பியானோ பயின்றான். அங்கேதான் தோழர் சிலருடன் ஹெக்டிக்ஸ் என்னும் மாணவர் இசைக்குழுவில் சேர்ந்து மேலைநாட்டுப் பாட்டுகளை வாசித்தான். அங்கேதான் பரூக் என்ற பெயர் நழுவி, பிரெடி என்ற பெயர் வந்து ஒட்டிக் கொண்டது. 1963இல் தீவுக்குத் திரும்பினான்.

அந்த ஆண்டின் டிசம்பரில் சான்சிபார் விடுதலை பெற்றது. ஒரு திங்கள் கழிவதற்குள், 1964 ஜனவரி 12 அன்று புரட்சி வெடித்தது. சுல்தான் ஓடினார். அரபியரும் இந்தியருமாக ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். தோழர்களே, இங்கே நாம் நடுநிலை தவறக்கூடாது. காலங்காலமாக மிதிபட்டவன் எழுந்தான் என்பது உண்மை. எழுந்தவன் கையில், மிதித்தவனோடு மிதிக்காதவனும் மாண்டான் என்பதும் உண்மை. ஆள வந்தவன் அடுக்கிவிட்டுப் போன சுவர், இடுக்கில் வாழ்ந்தவர்கள் தலையிலே சரிந்தது. புல்சாராக் குடும்பம் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு, அதே 1964இல் லண்டனுக்குப் பயணமாயிற்று.

பெட்டி தூக்கிய கை

லண்டனின் மேற்கு ஓரத்தில் பெல்தம் என்னும் இடம். வானூர்திகள் தலைக்கு மேலே இரைந்து செல்லும் பகுதி. கிளாட்ஸ்டன் சாலையில் வரிசையாக நிற்கும் சிறு வீடுகளில் ஒன்று. தீவிலே அலுவலகத்தில் மதிப்போடு இருந்த தந்தை, இங்கே கிடைத்த கணக்கு வேலையில் அமர்ந்தார். தாயும் ஒரு கடையில் வேலைக்குப் போனார். பதினேழு வயதைக் கடந்த மகன் முதலில் ஐசில்வொர்த்தில் ஒரு பயிலகத்திலும், பிறகு ஈலிங் கலைக் கல்லூரியிலும் ஓவிய வடிவமைப்புப் பயின்று 1969இல் பட்டயம் பெற்றான். நான் கல்லூரிப் படியிலேயே பாதியில் இறங்கிவிட்டவன். அதனால், படித்துக் கொண்டே பிழைத்தவனைக் கண்டால் எனக்குத் தனி மதிப்பு உண்டு. கைச்செலவுக்காக அவன் செய்த வேலைகளில் ஒன்றைக் கேளுங்கள். ஹீத்ரோ வானூர்தி நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கும் வேலை.

ஆம், தோழர்களே! பின்னாளில் பல்லாயிரவர் நிறைந்த அரங்குகளை ஒற்றைக் கையசைப்பில் ஆட்டி வைத்த அந்தக் கை, ஒரு காலத்தில் பெட்டி தூக்கிய கை. இதை மனத்தில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள். இறுதியில் இந்த முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.

அவன் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த 1968ஆம் ஆண்டைச் சற்றே நின்று பாருங்கள். கென்யாவில் இருந்த ஆசிய மக்களுக்கு அங்கே வாழ்வு நெருக்கடியாயிற்று. அவர்களில் பலர் கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தது. அதை நம்பி லண்டனுக்கு வரத் தொடங்கினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற் கட்சி. பெயரிலே தொழிலாளி இருக்கிற கட்சி! அந்த ஆட்சி, நாடாளுமன்றத்தில் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. கடவுச்சீட்டு இருந்தால் மட்டும் போதாது. நீயோ, உன் பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இங்கே குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் கட்டுப்பாடு என்றது சட்டம். ஆஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளையருக்கு லண்டனில் ஒரு பாட்டி இருப்பார். நைரோபியில் பிறந்த குஜராத்திக்கு எங்கிருந்து வருவார்? நிறத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதவில்லை, பாட்டியின் பெயரை எழுதினார்கள்! 1973இல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து, இது இன அடிப்படையில் மனிதரை இழிவு செய்வது என்று கருத்துரைத்தது.

சட்டம் வந்த சில வாரங்களில், 1968 ஏப்ரல் 20ஆம் நாள், பர்மிங்காம் நகரில் ஏனாக் பவல் என்னும் கன்சர்வேடிவ் தலைவர் பேசினார். வரலாறு அதைக் குருதி ஆறு உரை என்று அழைக்கிறது. குடியேறுவோர் பெருகினால் நாடு அழியும் என்பது அந்த உரையின் சாரம். அவருடைய கட்சித் தலைவரே மறுநாள் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கினார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் நெஞ்சைச் சுடவேண்டிய செய்தி. லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, பவலுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். சுமை தூக்குகிறவன், சுமை தூக்குகிறவனுக்கு எதிராகப் போன ஊர்வலம் அது! கூலியைக் குறைத்தவன் யார், குடியிருக்க வீடு கட்டித் தராதவன் யார் என்று கேட்க வேண்டிய வாய், பக்கத்து வீட்டுக்காரன் ஏன் வந்தான் என்று கேட்டது. அச்சத்தை விற்பவனுக்கு எப்போதும் முதல் வாடிக்கையாளன் ஏழைதான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அந்த லண்டனில்தான், அந்த ஆண்டில்தான், பரூக் புல்சாரா கல்லூரிக்குப் போய்வந்து கொண்டிருந்தான்.

பெயர் மாறிற்று

கல்லூரி முடிந்தது. கென்சிங்டன் சந்தையில் ரோஜர் டெய்லர் என்ற நண்பனோடு சேர்ந்து பழைய துணிக்கடை வைத்தான். ஒரு குழுவில் பாடினான், அது கலைந்தது. இன்னொன்றில் பாடினான், அதுவும் கலைந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் புளித்த பால் கடல்! நான் கட்டிச் சொல்லவில்லை, தோழர்களே. ஆங்கிலத்தில் அந்தக் குழுவுக்கு அதுதான் பெயர். 1970இல் டெய்லரும், வானியற்பியல் மாணவரான பிரையன் மே என்ற கிதார்க் கலைஞரும் இருந்த குழுவிலே சேர்ந்தான். குயின் என்று, அரசி என்று, அதற்குப் பெயர் சூட்டியவன் அவனே. ஓவியம் பயின்ற கையால் அதற்குச் சின்னம் வரைந்தவனும் அவனே. மறு ஆண்டு ஜான் டீக்கன் வந்து சேர, நால்வர் ஆயினர்.

அந்தக் காலத்தில்தான் புல்சாரா என்ற பெயரையும் கழற்றி வைத்தான். பிரெடி மெர்குரி ஆனான். புல்சார் என்ற ஊர் பெயரிலிருந்து மறைந்தது. சான்சிபார் பேச்சிலிருந்து மறைந்தது. பஞ்ச்கனி நேர்காணல்களிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. சர்க்கரை கரைந்துவிட்டது!

இதற்காக அவனைக் குற்றம் சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். மேடைக்கு ஒரு பெயர் வைத்துக் கொள்வது கலைஞரின் உரிமை. வேடம் கட்டாத நடிகன் உண்டா? ஆனால் ஒன்றைக் கேட்பேன். வேடம் விரும்பி அணிந்ததா, வெளியே அடிக்கும் காற்றுக்கு அஞ்சி அணிந்ததா? 1976இல் அதே பர்மிங்காமில், எரிக் கிளாப்டன் என்னும் புகழ்பெற்ற கிதார்க் கலைஞர் மேடையில் நின்று பவலுக்கு ஆதரவாகவும் அயலார்க்கு எதிராகவும் பேசினார். கறுப்பின மக்கள் அழுது பிழிந்த புளூஸ் இசையை வாசித்துப் பெயர் பெற்றவர் அவர்! பின்னாளில் அதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். அவர் பேச்சால் கொதித்தெழுந்த இளைஞர்கள், இனவெறிக்கு எதிராக ராக் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இப்படி இசை மேடையிலேயே அயலானுக்கு எதிரான குரல் கேட்ட நாட்டில், புல்சாரா என்ற பெயர் சுவரொட்டியில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை, பெயரை மாற்றியவனிடம் கேட்பதைவிட அந்த நாட்டிடம் கேட்பதே முறை.

இருந்தாலும் அவன் தேர்ந்த சொல்லைப் பாருங்கள். மெர்குரி என்றால் புதன் என்னும் கோள்; மெர்குரி என்றால் பாதரசம். சர்க்கரை கரையும்; பாதரசம் கரையுமா? எந்தப் பாலில் போட்டாலும் அடியிலே தனியாக நின்று மின்னும். அழுத்திப் பிடித்தால் விரலிடுக்கில் நழுவும். சிதறினால் ஒவ்வொரு துளியும் முழு உருண்டையாகும். அவன் பாட்டும் அப்படித்தான் நின்றது.

1975இல் அவன் இயற்றிய பொஹீமியன் ராப்சடி வெளிவந்தது. மூன்று நிமிடப் பாட்டுகளுக்குப் பழகியிருந்த வானொலிக்கு, 5 நிமிடம் 55 விநாடி நீண்ட பாட்டு. இடையிலே இத்தாலிய இசைநாடகத்தின் பாணி. அதன் நடுவிலே ஓர் அரபுச் சொல் ஒலிக்கிறது. ஸ்டோன் டவுன் தெருக்களில் வளர்ந்த பிள்ளையின் காதிலே விழாத சொல்லா அது? பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 9 வாரம் அந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தது. 1978இல் வந்த இசைத்தட்டின் முதல் பாட்டுக்கு முஸ்தபா என்றே பெயர் வைத்தான். பெயரை மறைக்கலாம், தோழர்களே. பிறந்த மண்ணின் ஒலியை மறைக்க முடியுமா?

1981இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோவில் ஒரே இரவில் 1,30,000 பேருக்கு மேல் கூடினர். 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி அரங்கம். எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் மடிந்து கொண்டிருந்த மக்களுக்காக நிதி திரட்டும் பெருவிழா. அரங்கில் 72,000 பேர், தொலைக்காட்சியில் உலகமே. சற்றேறக்குறைய 21 நிமிடம்தான் அவனுடைய குழுவுக்குக் கிடைத்த நேரம். அந்த நேரத்தில் அவன் குரலெடுத்தால் அரங்கம் குரலெடுத்தது. அவன் கைதட்டினால் 72,000 இணைக் கைகள் ஒன்றாய்த் தட்டின. ஆப்பிரிக்காவில் பிறந்து, அங்கிருந்து வெளியேறியவன், ஆப்பிரிக்காவின் பசிக்காகப் பாடிய நாள் அது.

போற்றுவோம், பொய் சொல்ல மாட்டோம்

இங்கே நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் போற்றுவதற்காகப் பொய் சொல்லுகிறவன் பிரசாரகன் ஆகலாம். தொண்டன் ஆக முடியாது. ஆகவே இதையும் சொல்கிறேன்.

அந்த விழாவுக்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன், 1984 அக்டோபரில், குயின் குழு தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் பாடப் போயிற்று. கறுப்பின மக்களை அவர்கள் மண்ணிலேயே அயலாராக்கி, பெயரளவுக்கு ஒரு தாயகம் என்று வேலி கட்டித் தள்ளிய நிறவெறி ஆட்சியின் கேளிக்கை நகரம் அது. கலைஞர்கள் அங்கே போக வேண்டாம் என்று ஐக்கிய நாடுகள் அவை வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் இசைக் கலைஞர் சங்கமும் தடுத்திருந்தது. அதையும் மீறிப் போனார்கள். சங்கம் தண்டம் விதித்தது. ஐக்கிய நாடுகள் அவையின் கரும்பட்டியலில் பெயர் ஏறிற்று. எங்களுக்கு அரசியல் இல்லை, பாட வந்தோம் என்பது அவர்கள் தரப்பின் விளக்கம்.

அரசியல் இல்லையாம்! ஆப்பிரிக்க மண்ணிலே பிறந்தவனுக்கு, நிறத்தையும் பாட்டியின் பிறப்பையும் கேட்டுக் கதவை மூடிய நாட்டிலே வளர்ந்தவனுக்கு, அரசியல் இல்லாமற் போகுமா? நாம் அரசியலை விட்டு விலகலாம். அரசியல் நம்மை விட்டு விலகுவதில்லை. அது பிழை. பாட்டின் இனிமையால் கழுவிவிட முடியாத பிழை. 2003இல் நெல்சன் மண்டேலாவின் எய்ட்ஸ் ஒழிப்பு முயற்சிக்காகக் கேப் டவுனில் நடந்த இசைவிழாவில் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வாசித்தார்கள். அதைக் காண அவன் உயிரோடில்லை.

இதை ஏன் சொல்லுகிறேன்? குடியேறிய குடும்பத்தின் பிள்ளை என்றால் அவன் தெய்வப்பிறவியாய் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கக்கூடாது. அவனும் மனிதன். நன்மையும் பிழையும் கலந்தவன். பிழையே செய்யாதவனுக்குத்தான் குடியிருக்க உரிமை என்றால், உலகில் யாருக்கு வீடு இருக்கும்?

அதே ஏப்ரல் 20

1987இல் அவனுக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியாயிற்று. குணமாக்கும் மருந்து இல்லாத காலம். இரக்கமும் குறைந்திருந்த காலம். ஆணை விரும்பிய ஆண் என்பதற்காகவே நோயைத் தண்டனை என்று சிலர் ஏசிய காலம். அவன் வாய் திறக்கவில்லை, வேலையை நிறுத்தவுமில்லை. ஸ்பெயின் நாட்டின் இசைநாடகப் பேரரசி மொன்செராத் கபாயேயோடு சேர்ந்து பார்சலோனா என்ற இசைத்தட்டை 1988இல் தந்தான். நிற்க முடியாத நிலையிலும் ஒலிப்பதிவுக்குப் போனான். செய்தித்தாள்காரர்கள் வீட்டு வாயிலிலே காத்துக் கிடந்தார்கள். 1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று உலகுக்கு அறிவித்தான். மறுநாள் மறைந்தான். வயது 45.

இறுதிச் சடங்கை நடத்தியவர்கள் யார் தெரியுமா? ஜரதுஷ்டிர சமயக் குருமார்கள். சஞ்சான் கரையில் இறங்கியவர்கள் கொண்டு வந்த அதே பழம் மொழியில், பிரெடி மெர்குரிக்காக அல்ல, பொமியும் ஜெரும் பெற்ற பரூக் புல்சாராவுக்காக வேண்டுதல் ஒலித்தது. வாழ்நாளெல்லாம் கரைந்து கிடந்த சர்க்கரை, முடிவிலே தன் பெயரைச் சொல்லிற்று.

அடுத்த ஆண்டு வெம்பிளியில் அவனுக்கு நினைவு விழா. 72,000 பேர் கூடினர். எய்ட்ஸ் நோயாளர்க்காக அவன் பெயரால் அறக்கட்டளை எழுந்தது. அந்த விழா நடந்த நாளைக் கேளுங்கள்: 1992 ஏப்ரல் 20! ஏனாக் பவல் பர்மிங்காமில் நஞ்சு கக்கிய அதே ஏப்ரல் 20! இடையிலே சரியாக 24 ஆண்டு. யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தமல்ல. நாட்காட்டியில் தற்செயலாய் விழுந்தது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். வந்தவர்களால் நாடு அழியும் என்று ஒருவர் சொன்ன அதே நாளில், வந்தவர்களில் ஒருவனுக்காக அந்த நாடு கண்ணீர் விட்டது.

முடிச்சை அவிழ்க்கிறேன்

இப்போது நம்மில் ஒருவர் எழுந்து சொல்லத் துடிப்பார்: "பார்த்தீர்களா, குடியேறியவன் எத்துணைப் பெரிய மேதை ஆனான்! ஆகவே குடியேறியவர்களை வரவேற்க வேண்டும்." தோழர்களே, அன்போடு சொல்லுகிறேன், அந்த வாதத்தைக் கையிலெடுக்காதீர்கள். அது அரசன் அனுப்பிய கிண்ணம். சர்க்கரை இருந்தால் உள்ளே வா, இல்லையேல் போ என்பதை நாமே ஒப்புக் கொள்வதாகும் அது.

பரூக்குக்குக் குரல் வாய்க்காமல் போயிருந்தால்? பியானோ கைவராமல், ஓவியம் கைவராமல், 45 வயது வரை ஹீத்ரோவில் பெட்டி தூக்கியே வாழ்ந்திருந்தால்? அப்போது அவனுக்குப் பெல்தம் வீட்டில் இருக்க உரிமை இல்லையா? அவன் தாய் கடையில் நின்ற உழைப்புக்கு மதிப்பு இல்லையா? பெட்டி தூக்கியவனுக்குத் தராத உரிமையைப் பாட்டுப் பாடியவனுக்குத் தந்தால், அது பரிசு, உரிமையல்ல. பரிசை மனம் மாறினால் பறித்துக் கொள்ளலாம். உரிமையைப் பறிக்க முடியாது. மேதைக்கு மட்டும் திறக்கும் கதவு, நீதியின் கதவாகாது.

2016இல் அந்தப் பெல்தம் வீட்டுச் சுவரில், பெருமக்கள் வாழ்ந்த இல்லங்களுக்குப் பதிக்கும் நீலப் பலகையைப் பதித்தார்கள். நல்லது. 2018இல் அவன் பிறந்த நாளன்று ஹீத்ரோவில் பெட்டி தூக்கும் தொழிலாளர்கள் அவன் பாட்டுக்கு ஆடினார்கள். அன்று ஒரு நாள், பிரெடி என்றோ பரூக் என்றோ பெயருள்ள பயணிகளுக்கு, முதல் வகுப்பார் அமரும் கூடத்தின் கதவு திறந்தது. நல்லது, மிக நல்லது. ஆனால் மறுநாள்? மறுநாள் கடவுச்சீட்டோடு வந்து நின்ற பரூக்குகளுக்கு எந்தக் கதவு, எத்தனை கேள்வி?

பிறந்த மண்ணாவது போற்றியதா? 2006இல் அவனுடைய 60ஆவது பிறந்த நாளுக்குச் சான்சிபாரில் விழா எடுக்க முனைந்தார்கள். அவன் வாழ்க்கை முறையைக் காட்டிச் சமயக் குழுவினர் எதிர்த்தனர், விழா நின்றது. போன இடத்தில் பிறப்பு குறுக்கே நின்றது; பிறந்த இடத்தில் வாழ்வு குறுக்கே நின்றது.

இன்னும் ஒன்று. 2022 முதல் 2024 வரை பிரிட்டனின் தலைமை அமைச்சராய் இருந்த ரிஷி சுனக்கின் பெற்றோர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த இந்திய வழியினர். அவருடைய ஆட்சியில் உள்துறை அமைச்சராய் இருந்த சுவெல்லா பிரேவர்மனின் தந்தை கென்யாவிலிருந்து வந்தவர்; தாய் மொரீஷியசிலிருந்து வந்த தமிழ் வழியினர். அந்த அமைச்சர்தான் 2022 அக்டோபரில், சிறு படகுகளில் கடல் கடந்து வந்தவர்களைக் குறித்து நாடாளுமன்றத்திலே படையெடுப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தினார். படகிலே வந்தவன் பிள்ளை கோட்டைக்குள் ஏறியதும், அடுத்த படகைப் பார்த்துப் படை என்கிறதே! குருதியால் இரக்கம் வந்துவிடாது, தோழர்களே. தமிழ்க் குருதியாலும் வந்துவிடாது. கொள்கையால்தான் வரும். ஏணியில் ஏறியவன் ஏணியை மேலே இழுத்துக் கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், அவனைப் பிடித்துக் கேள்வி கேட்க ஓர் இயக்கம் வேண்டும்.

ஆகவே இந்த வாரம் நீங்கள் வாதிடப் போகும் இடங்களில், படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் தொழிற்சாலை வாயிலிலும், பிழைக்க வந்தவனைப் பற்றி யாரேனும் பழித்துப் பேசினால், அவன் எவ்வளவு பயன்படுகிறான் என்று கணக்குக் காட்டித் தொடங்காதீர்கள். அவன் பெயரென்ன என்று கேட்டுத் தொடங்குங்கள். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை, எதனால் புறப்பட்டான் என்று கேளுங்கள். அவன் பெயரை அவன் நாவாலேயே சொல்ல விடுங்கள். நம் நாவுக்கு எளிதாய் அதை நாம் வெட்ட வேண்டாம். அவன் கூலி குறைந்தால் நம் கூலியும் குறையும் என்பதை எடுத்துச் சொல்லி, அவனை எதிர்த்தல்ல, அவனோடு சேர்ந்து ஊர்வலம் போங்கள்.

குரல் இருப்பவன் பாடட்டும், கேட்டு மகிழ்வோம். குரல் இல்லாதவன் பெட்டி தூக்கட்டும், தோள் கொடுப்போம். இருவருக்கும் குடியிருக்க இடம் உண்டு. வந்தவன் கையில் சர்க்கரை இருக்கிறதா என்று பாராமல் வாயிலைத் திறக்கும் நாட்டைத்தான் நான் நாகரிக நாடு என்பேன்.